நமக்குள்ள என்ன ஒளிவு மறைவு

கூட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அவளுக்கு ரத்தம் கொதித்தது. சமூகப்பணித் துறையில் அவளுக்குப் பேட்டிக்காரி என்று பெயர். வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்களைத் தேடிப் போய், அவர்கள் பேசுவதை ஒலிப்பதிவு செய்து ஆராய்ச்சி செய்கிறவள். துறையின் ஃபைல்களை இனி எந்தக் கிளவுடில் வைப்பது என்று முடிவு செய்யத்தான் இன்றைய கூட்டம்.

இருந்தது இரண்டு. பழையது பல்கலைக்கழகத்தின் சொந்தச் சேமிப்பு. ஒவ்வொரு முறையும் கைபேசிக்கு ஓர் எண் வரும், அதைத் தட்டினால்தான் திறக்கும். அவரவர் ஃபைல் அவரவர் கண்ணுக்கு மட்டும். புதியது வெளி நிறுவனம் ஒன்றுடையது. அதில் துறை ஆட்கள் யார் எதைப் போட்டாலும் துறையில் எல்லாரும் திறந்து பார்க்கலாம்.

துறைத் தலைவருக்குப் புதியதுதான் வேண்டும். காரணம் ஒன்றும் பிரமாதமில்லை. எண் வந்து, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, அதைத் தட்டி முடிப்பதற்குள் நேரம் கடந்துவிடுகிறதாம். மனிதர் நொந்துபோயிருந்தார். எதைக் கேட்டாலும் 'ஆகட்டும்' என்று சொல்லியே ஆகட்டும் சார் என்று பெயர் வாங்கியவர். அவருடைய கண்ணாடி கிடைக்கவில்லை என்பதற்காக ஊர்ப் பெண்களின் ரகசியத்தை எல்லாம் நடுத்தெருவில் வைக்க வேண்டுமா? கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிந்துகொள்கிற வேலை இது. அவள் கிட்டத்தட்ட அப்படியே சொல்லியும் பார்த்தாள். அவர் சிரித்தார்.

ஆனால் அவளுடைய வயிற்றெரிச்சல் அவர்மேல் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த புள்ளியியல் ஆசிரியர்மேல்தான். தேநீர் வந்தால் தானே எழுந்து எல்லாருக்கும் எடுத்துக் கொடுப்பார். யாருக்குச் சர்க்கரை ஆகாது என்பதுகூட அவருக்கு ஞாபகம். தங்கமான மனுஷன் என்று துறை முழுக்கப் பேச்சு.

அந்தத் தங்கத்தின் லட்சணம் அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கொஞ்ச நாள் முன்பு ஒரு பெண் பேட்டி கொடுத்தாள். கழுத்துச் சால்வையை எடுக்காமலே பேசினாள். எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போதுதான் கணவர் இதே துறையில் புள்ளியியல் ஆசிரியர் என்று சொன்னாள். மகளுக்குப் பரீட்சை முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போய்விடப்போவதாக அந்தப் பெண் சொன்னாள். அதற்குள் அவருக்குத் தெரிந்தால் அன்றைக்கே தன்னைக் கொன்றுவிடுவார் என்றும் சொன்னாள். வீட்டில் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். பரீட்சை இன்னும் முடியவில்லை.

இப்போது அந்த மனுஷன் எழுந்து நின்று புதிய கிளவுடுக்காகப் பரிந்து பேசினார். பேட்டிக்காரியின் கவலை தனக்குப் புரிகிறதாம். பாவப்பட்ட பெண்களை நினைத்தால் தனக்கும் மனசு கலங்குகிறதாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

"ஆனா மேடம், நாம எல்லாம் ஒரே குடும்பம். நமக்குள்ள என்ன ஒளிவு மறைவு?"

அவளுக்கு வாய்வரை வந்தது. சொன்னால் அந்தப் பெண்ணைக் காட்டிக்கொடுத்தது போல் ஆகும், சொல்லாவிட்டால் இவன் ஜெயிப்பான். வேறு வழியில்லாமல் விதிமுறை, சட்டம், ஒப்புதல் என்று கத்தினாள். கத்தினாளே தவிர ஒருவர் காதிலும் ஏறவில்லை. எதிர் நாற்காலிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேட்டிக்காரிக்கு இன்றைக்கு என்னவோ ஆகிவிட்டது என்பது அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

கணினி மைய அதிகாரி பெரிய திரையில் புதியதை இயக்கிக் காட்டினார். தேடும் கட்டத்தில் எந்தச் சொல்லைத் தட்டினாலும் அந்தச் சொல் இருக்கும் ஃபைல்கள் வந்து நிற்குமாம். ஒலிப்பதிவானாலும் கவலையில்லை, அதுவே கேட்டு எழுத்தாக்கி வைத்துக்கொள்ளுமாம். சோதனைக்காகத் துறையின் ஃபைல்கள் மொத்தத்தையும் நேற்றே அதற்குள் ஏற்றியாகிவிட்டது என்று பெருமையாகச் சொன்னார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மொத்தத்தையுமா? என்னோடதையுமா? யாரைக் கேட்டு ஏத்தினீங்க?"

அதிகாரி தலைவரைப் பார்த்தார். தலைவர் அனுமதி கொடுத்திருக்கிறார். இவர்தான் எதற்கும் ஆகட்டும் என்கிறவராயிற்றே. பேட்டிக்காரி இந்த நிமிஷமே எடுங்கள் என்றாள். எல்லாப் பேட்டியிலும் பெயர்களை நீக்கிவிட்டதாக அவளே போன கூட்டத்தில் சொன்னாளே, பிறகு என்ன பயம் என்று தலைவர் கேட்டார். ஃபைல்களின் மேல்தான் பெயர் நீக்கியிருந்தது. குரலுக்குள் இருப்பதை யார் நீக்குவது? அதை அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் புள்ளியியல் ஆசிரியர் சமாதானக் கொடி பிடித்துக்கொண்டு கணினி பக்கம் வந்துவிட்டார்.

"மேடம் பயப்படறாங்க. பயப்பட ஒண்ணுமில்லன்னு நான் காட்டறேன். எங்க பொண்ணை வீட்ல வாலுக்குட்டின்னு கூப்பிடுவோம். வீட்டுக்கு வெளிய யாருக்கும் தெரியாது. அது இதுல எங்க கிடைக்கப்போகுது?"

அவர் தட்டினார். பேட்டிக்காரி பாய்ந்து கணினியின் வயரைத் தேடினாள், கைக்கு அகப்படவில்லை.

ஒரே ஒரு ஃபைல் வந்தது. அதற்குக் கீழே, அந்தக் குரலைக் கேட்டு இயந்திரம் எழுதிய வரி: "வாலுக்குட்டி முன்னாடி கை ஓங்க மாட்டார், அவ தூங்கின பிறகுதான்."

தலைவர் கண்ணாடி இல்லாமல் திரையை உற்றுப் பார்த்து, யாரோ இன்னொருத்தரும் பிள்ளைக்கு அதே பேர் வைத்திருக்கிறார்களே என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. புள்ளியியல் ஆசிரியர் மட்டும் புன்னகையோடுதான் இருந்தார். இன்னும் ஒருமுறை வரியைப் படித்தார். பிறகு தன் இடத்துக்குப் போய், பேனாவுக்கு மூடி போட்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டினார். வீட்டில் ஒரு சின்ன வேலை இருக்கிறது என்று தலைவரிடம் விடைபெற்றார்.

ஆகட்டும் என்றார் தலைவர்.

புள்ளியியல் ஆசிரியருக்கு முன்னால் அவள் கதவுக்கு ஓடினாள். கதவைச் சாத்தி அதில் முதுகைக் கொடுத்து நின்றாள். கைபேசியில் அந்தப் பெண்ணின் எண்ணைத் தேடினாள். அவர் எதிரில் வந்து நின்றார். தேநீர் கொடுக்கும்போது வருமே, அதே குரல்.

"வழி விடுங்க மேடம்."

"விட மாட்டேன்."

தலைவர் எழுந்து, என்ன மேடம் இது, சின்னப் பிள்ளை மாதிரி, அவர் போகட்டும் என்றார். அதிகாரி திரையை அணைத்தார். இவ்வளவு நேரம் கழித்து அணைக்கிறான், மகராசன்! அவள் எண்ணை அழுத்திக் கைபேசியைக் காதில் வைத்தாள். நெற்றியில் வழிந்த வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடு, எடுத்துத் தொலை, தாயே. கதவின் கைப்பிடி அவள் இடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் கை அதன் மேல் விழுந்து மெதுவாக அழுத்தியது.

மறுமுனையில் எடுத்தார்கள். "நான்தான்," என்றாள் பேட்டிக்காரி. அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. அந்தப் பெண் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

"அவர் கிளம்பிட்டாரா?"

"இல்ல. கதவுல நான் நிக்கறேன். பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஓடுங்க."