முன்வரிசையில் ஆள் இருக்கு

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் காலை ஏழு ஐம்பது ரயில் நடைமேடைக்குக் காலியாகத்தான் வரும். அது முழுதாக நிற்பதற்குள் ஹில்டா பெண்கள் பெட்டிக்குள் இருப்பாள். ஜன்னலோரம் தான், எதிரே கர்சீப், பக்கத்தில் சாப்பாட்டுப் பை, அதற்குப் பக்கத்தில் குடை. நான்கு இடங்களையும் வளைத்துப் போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காதவள் போல நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்வாள். அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்தில் ஒருத்தி, அதற்கடுத்த குரோம்பேட்டையில் இருவர் என அவளுடைய அலுவலகத் தோழிகள் ஏற வேண்டும். அதுவரை யார் கேட்டாலும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஆள் வராங்க" என்பாள்.

ஒருநாள் பூக்கூடையோடு நின்ற அம்மாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"இன்னாமா, பையிக்கும் குடைக்கும் டிக்கெட் எடுத்துகினு வந்தியா? இங்க ஒருத்தி கால் கடுக்க நின்னுகினு கீறேன், தெரியல?"

"ரெண்டு ஸ்டேஷன் நிக்கறதுக்கா இவ்ளோ பேச்சு?" என்றாள் ஹில்டா.

குரோம்பேட்டையில் ஏறிய தோழிகள் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஹில்டா இருக்கிற வரைக்கும் நமக்குக் கவலையே இல்லப்பா" என்று ஒருத்தி சொன்னதில் ஹில்டாவுக்கு வயிறு நிறைந்துவிட்டது. இருபது வருடமாகத் தான் செய்வது ஊருக்கு உபகாரம் என்றே அவள் நினைத்திருந்தாள்.

இத்தனை கெட்டிக்காரிக்கும் ஒரு மனக்குறை உண்டு. அதன் பெயர் எப்சி. ஹில்டாவின் கணவன் டேனியலுக்கு ஒரே தம்பி சம்பத். அவன் மனைவிதான் எப்சி. அவள் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்தவள் இல்லை. அதுதான் தொந்தரவே. குறை சொல்ல ஒரு காரணம் கிடைத்திருந்தால் ஹில்டா நிம்மதியாகத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பாள். பீர்க்கன்கரணையில் ஏரிக்காற்று வீசும் வீடு எப்சிக்கு. ஹில்டா வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கழிவறைக் குழாய் தெரியும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஜான்சியின் நடனத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

சேலையூரில் அந்த நடனப் பள்ளியைக் கண்டுபிடித்ததே ஹில்டாதான். தன் மகள் நிஷாவைத்தான் முதலில் சேர்த்தாள். அக்கா போகிறாளே என்று எப்சியின் மகள் ஜான்சியும் கூடப் போனாள். நிஷா மூன்றாம் மாதமே முழங்கால் வலிக்கிறது என்று நின்றுவிட்டாள். ஜான்சியோ பத்து வருடமாக ஆடுகிறாள். குடும்ப வாட்ஸப்பில் அவள் புகைப்படம் வரும்போதெல்லாம் ஹில்டா ஒரு கைதட்டும் பொம்மையை அனுப்பிவிட்டு, அன்றைக்குக் குழம்பில் உப்பு போட மறந்துவிடுவாள்.

அந்தப் பள்ளியின் பிள்ளைகளைச் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் ஒரு சுற்றுலாக் கப்பலில் ஆடக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு நாள் கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் கப்பல். ஜான்சிக்குத் தனி நடனமே உண்டு. சம்பத் அண்ணனையும் அண்ணியையும் கட்டாயப்படுத்தி அழைத்தான். அவன் அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. சர்க்கரை அவன் கண்களைப் பிடித்திருந்தது. ஒரு கண் போய்விட்டது. இன்னொன்றில் பத்தடிக்கு அப்பால் எல்லாம் புகை. இனி தேறாது, பார்க்க ஆசைப்படுவதை எல்லாம் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"பாப்பா ஆடறத ஒரு தடவ கிட்ட உக்காந்து பாத்துடணும்ண்ணா. அது போதும் எனக்கு" என்று அவன் டேனியலிடம் சொன்னபோது ஹில்டாவும் பக்கத்தில்தான் இருந்தாள். அவளுக்கும் கண் கலங்கத்தான் செய்தது.

கப்பலில் முதல் நாள் காலையிலேயே ஹில்டா வேலையைக் காட்டிவிட்டாள். ஆறு மணிக்கெல்லாம் மேல்தளத்து நீச்சல் குளத்தருகே போய், நிழலில் கிடந்த ஆறு சாய்வு நாற்காலிகளில் ஆறு துண்டுகளை விரித்துவிட்டு இட்லி சாப்பிடப் போனாள். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினால், துண்டுகள் மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. நாற்காலிகளில் யார் யாரோ சாய்ந்திருந்தார்கள்.

"அரை மணி நேரத்துக்கு மேல ஆள் இல்லேன்னா துண்ட எடுத்துடுவோம் மேடம். போர்டு வெச்சிருக்கோமே" என்றார் கப்பல் ஊழியர், சிரித்த முகத்தோடு.

"நாங்க என்ன ஓடியா போய்ட்டோம்? சாப்பிடத்தானே போனோம்!"

"விடு ஹில்டா, இது நம்ம பீச் லோக்கல் இல்ல" என்று டேனியல் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அதற்குள் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த எப்சி தன் நாற்காலியிலிருந்து எழுந்து, "இங்க உக்காருங்கக்கா, நான் சும்மாதான் இருக்கேன்" என்றாள். ஊழியர் சொன்னதைவிட இதுதான் ஹில்டாவைச் சுருக்கென்று தைத்தது. தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனாள்.

மதியச் சாப்பாட்டில் மேடவாக்கத்துக் குடும்பம் ஒன்று எதிரே உட்கார்ந்தது. மொத்தம் ஐந்து பேர். பேச்சுவாக்கில் மாலை நடனத்துக்கு இடம் கிடைப்பது கஷ்டம் என்றார்கள். ஹில்டாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நீங்க நிதானமா வாங்க. முன்வரிசையில அஞ்சு சீட்டு நான் புடிச்சு வெக்கிறேன்" என்றாள். அவர்கள் ஆச்சரியப்பட்டது அவளுக்கு இனித்தது.

மாலை ஆறு மணிக்கு நிகழ்ச்சி. ஐந்தரைக்கே அவள் அரங்கில் இருந்தாள். டேனியல் கப்பல் ஆடுவது ஒத்துக்கொள்ளாமல் அறையில் படுத்துவிட்டான். ஹில்டா ஐந்து நாற்காலிகளில் துப்பட்டா, சால்வை, விசிறி, தண்ணீர் பாட்டில், ஒரு ஜோடிச் செருப்பு என்று வைத்து முடித்தபோது எப்சி ஓடி வந்தாள். அவள் கழுத்தில் கலைஞர்களுக்கான அட்டை தொங்கியது.

"அக்கா, டீச்சர் என்னைய மேக்கப்புக்கு வரச் சொல்லிட்டாங்க. அவரு கண்ணுக்கு மருந்து போட்டுக்கிட்டு வருவாரு. அவருக்கு மட்டும் ஒரு சீட்டு வெச்சிடுங்கக்கா. இங்க போனும் எடுக்கல. நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியமா போறேன்."

"நான் இருக்கேன்ல, நீ போ" என்று ஹில்டா தன் கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். அந்த நிமிடம் அது உண்மையாகவே சம்பத்துக்காகத்தான்.

அரங்கம் நிறைந்துகொண்டே வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான், "ஆள் வராங்க." கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் செருப்பு உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போய்ச் சுவரோரம் நின்றாள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மேடைத் திரையில் பெரிதாக ஒரு முகம் தோன்றியது. ஜான்சி! ஆறடி உயரத்துக்கு ஜான்சி!

"யாரு இந்தப் பொண்ணு? பெத்தவ குடுத்து வெச்சவ" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

ஹில்டாவுக்கு உள்ளே எதுவோ எரிந்தது. அந்த இடத்தில் நிஷாவின் முகம் இருந்திருக்க வேண்டும். பள்ளியைக் கண்டுபிடித்தவள் நான். அந்த அட்டை என் கழுத்தில் தொங்கியிருக்க வேண்டும். கடைசியில் எனக்கு என்ன வேலை? அவள் புருஷனுக்குச் சீட்டு பிடித்துக் கொடுக்கும் வேலை!

சரியாக அப்போதுதான் சம்பத் வந்தான். இருட்டில் நாற்காலிகளின் முதுகைத் தடவித் தடவி, ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தான். ஹில்டா முன்னால் வந்து நின்றான். அந்த இருட்டில் அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. கைப்பை இருந்த நாற்காலியைத் தொட்டுப் பார்த்தான்.

"ஏங்க, இங்க ஆள் இருக்காங்களா?"

ஒரே ஒரு சொல் போதும். 'தம்பி' என்று கூப்பிட்டுக் கைப்பையை எடுத்து மடியில் வைத்தால் தீர்ந்தது. ஹில்டா தன் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆள் வராங்க."

"சாரிங்க" என்றான் சம்பத். அவன் பின்னால் போய்விட்டான்.

ரெண்டு நிமிஷம் கழித்துக் கூப்பிட்டுக்கொள்ளலாம், கொஞ்சம் தேடட்டுமே என்றுதான் அவள் நினைத்தாள். அதற்குள் சலங்கை ஒலித்தது. ஊழியர்கள் நடைபாதைக்குக் குறுக்கே கயிறு கட்டிவிட்டார்கள். எழப் போனவளை, "உக்காருங்க மேடம், முடிஞ்ச பிறகு போலாம்" என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

ஜான்சி மேடைக்கு வந்ததும் முன்வரிசையைத்தான் பார்த்தாள். அப்பா முன்வரிசையில் இருப்பார் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அங்கே பெரியம்மா இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஆறு நாற்காலிகள் காலியாக, பல் விழுந்த வாய் போல இருந்தன. ஜான்சி ஆடினாள், திரும்பும்போதெல்லாம் பார்த்தாள், மறுபடியும் ஆடினாள். ஹில்டா ஆட்டத்தைப் பார்க்கவில்லை. செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மேடவாக்கத்துக்காரர்கள் கடைசிவரை வரவில்லை.

முடிந்து வெளியே வந்தபோது அவர்கள் ஐந்து பேரும் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு எதிரே வந்தார்கள். "அடடா, முடிஞ்சுடுச்சா?" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். நாற்காலிகளில் வைத்த சாமான்களை எல்லாம் அள்ளி மார்போடு அணைத்தபடி ஹில்டா நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்த சம்பத் அருகில் வந்ததும் அவளைக் கண்டுகொண்டான்.

"அண்ணி! எங்க இருந்தீங்க? ரொம்ப நேரம் தேடினேன். முன்னாடி ஒரு அம்மாவக் கேட்டேன், ஆள் வராங்கன்னு சொல்லிட்டாங்க. பாவம், அவங்க வீட்டாளுங்களும் பாக்கணும்ல. பின்னாடி போயி நின்னுட்டேன். சலங்கைச் சத்தம் நல்லா கேட்டுச்சு." அவன் முகம் ஆவலாக நிமிர்ந்தது. "நீங்க பாத்தீங்கல்ல? சொல்லுங்கண்ணி. கடைசியில மயில் மாதிரி ஒரு நடை கத்துக்கிச்சு பாப்பா. எப்படி இருந்துச்சு?"

ஹில்டா சாமான்களை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவள் பார்த்ததெல்லாம் செருப்பும் பாட்டிலும்தான்.

அதற்குள் ஜான்சி சலங்கையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள், பின்னால் எப்சி. "அப்பா! ஏம்ப்பா முன்னாடி வரல? ஆறு சீட்டு காலியா இருந்துச்சே!"

"ஆள் வராங்கன்னு சொன்னாங்கம்மா."

"யாருமே வரலப்பா. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

சொல்லிக்கொண்டே வந்த ஜான்சியின் பார்வை ஹில்டாவின் கையிலிருந்த துப்பட்டாவிலும் சால்வையிலும் செருப்பிலும் நின்றது. எப்சியும் பார்த்தாள். சம்பத்துக்கு மட்டும்தான் எதுவும் தெரியாது. எதையாவது சொல்லி மழுப்பிவிட ஹில்டாவுக்கு இன்னும் வழி இருந்தது. தன்னை நம்பி, மயில் நடை எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டு நிற்கும் அந்த முகத்தைப் பார்த்தபின் ஹில்டாவால் முடியவில்லை.

"அந்த அம்மா நான்தான் தம்பி."

சம்பத் ஒரு கணம் திகைத்தான். பிறகு அவனே அவளுக்கு ஒரு வழி செய்து கொடுத்தான். "இருட்டுல என்னைய உங்களுக்கு அடையாளம் தெரிஞ்சிருக்காதுண்ணி."

"தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் சொன்னேன்."

இத்தனை வருடத்தில் ஒருநாளும் முகம் கோணாத எப்சியின் கண்களிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்தது.

"ஒரே ஒரு சீட்டுதானேக்கா கேட்டேன்."

ஹில்டாவின் கையிலிருந்த சாமான்கள் தரையில் விழுந்தன. அவள் எடுக்கவில்லை.

"ஒன் பொண்ணு படத்த அவ்ளோ பெருசா பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சுது எப்சி. எடம் புடிக்கிறது கெட்டிக்காரத்தனம்னு இருபது வருஷமா மார்தட்டிக்கிட்டேன். அது கெட்டிக்காரத்தனம் இல்ல, திருட்டு. எல்லாருக்கும் பொதுவான எடத்துல வராத ஆளுக்குன்னு ஒரு துணியப் போட்டா, அது வந்து நிக்கிற ஆளுகிட்டேருந்து திருடுனதுதான். இன்னிக்கு அந்தத் திருட்டுல பொறாமையும் சேந்துகிச்சு. செருப்பையும் பாட்டிலையும் உக்கார வெச்சு, பெத்த பொண்ணு ஆடறதப் பாக்க வந்த மனுஷன நிக்க வெச்சுட்டேன். போன பார்வைய டாக்டரால திருப்பிக் குடுக்க முடியாது. இந்த ஒரு சாயங்காலத்த என்னாலயும் திருப்பிக் குடுக்க முடியாது தம்பி."