கடைசி நாலு விரல்

…இல்லை, இன்னும் கொஞ்சம் கிட்ட, தோலைத் தொடக் கூடாது, ரொம்பத் தள்ளியும் நிற்கக் கூடாது, நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி, அதை இந்த பார்லரை நடத்தும் ஸிஹாமா மிஸ் சொல்லிக்கொடுத்து எட்டு மாதம் ஆகிறது, எட்டு மாதமாக அந்த மயிரிழை ஒருநாள் அகப்படுகிறது, மறுநாள் கண்ணாமூச்சி காட்டுகிறது… இதோ நடுவிரல், பிரஷை நகத்தின் நடுவில் வைத்து மெல்லப் பின்னால் தள்ளு, முன்னால் இழு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நுனியில் ஒன்று, முடிந்தது, லாம்புக்குள் வை. சின்னப் பெட்டிக்குள் நீல வெளிச்சம் எரிந்து நகத்தில் பூசிய ஜெல் இறுகுகிறது, மறுபடி ஒரு பூச்சு, மறுபடி லாம்பு. மூன்று விரல் ஆயிற்று, இடது கையில் இன்னும் இரண்டு, வலது கை முழுசாகக் கிடக்கிறது, மணி… பார்க்காதே ரொஷானி, பார்க்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே பார்த்துவிட்டாள், பத்து பதினான்கு. எதிரில் கேஷானி டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருக்கிறார், ஹாலிஎல பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், இன்றைக்குத் தம்பிக்குக் கல்யாணம், பதினொன்றேகால் பண்டாரவளை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், கையைத் துவாயின் மேல் நீட்டி ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார், பாவம், இது ஒருத்திக்குப் பரீட்சை என்று அவருக்கு யார் சொன்னது?

பரீட்சை அந்த மூன்றாவது மேசைக்கு. ஜன்னலோரம் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, மேலே ஷாம்பு பெட்டிகள் அடுக்கி, ஆளில்லாமல் கிடக்கிறதே அந்த மேசைக்கு. முதலாவது மிஸ்ஸுடையது, இரண்டாவது றமீலாவுடையது, றமீலா இன்றைக்கு லீவு, அதனால்தான் ரொஷானிக்கு இந்த நாற்காலி, நாளைக்கு றமீலா வந்ததும் எழுந்து போய்த் தும்புத்தடியை எடுக்க வேண்டியதுதான், முடியைக் கூட்டு, தண்ணீரைச் சுட வை, வருகிறவர்களின் காலைக் கழுவு… மிஸ் திங்கட்கிழமை சொன்னார், மிஸ் என்று கூப்பிட்டாலும் முப்பதைத் தாண்டாத ஆள், ஆனால் கண்டிப்பில் ஐம்பதைத் தாண்டியவர், "இங்க பாரு ரொஷானி, வியாழக்கிழம ஒரு ஆள் வாறாங்க. ஒரு மணித்தியாலம் இருவது நிமிஷம். நான் கை வெக்க மாட்டேன். முடிச்சா அந்த மேச ஒனக்கு. இல்லாட்டி பண்டாரவளையில இருந்து கோர்ஸ் முடிச்ச புள்ள ஒன்டு கேட்டுக்கிட்டே இருக்கு" என்று. ஒன்பதரைக்குத் தொடங்கியது, பத்து ஐம்பதுக்குள் முடிய வேண்டும், மிஸ் அந்தப் பக்கம் யாருக்கோ முடி நேராக்கிக்கொண்டே கண்ணாடி வழியாக இந்தப் பக்கம் ஒரு கண் வைத்திருக்கிறார், இந்த முதுகுக்கு அது தெரிகிறது.

ஆட்காட்டி விரல். ஆயிற்று. முதல் மாதத்தில் இதே ஒரு விரலுக்கு கால்மணி நேரம், முழுசாக இரண்டரை மணித்தியாலம், உட்கார்ந்தவர்களுக்குக் கை மரத்துப்போகும், "என்னா புள்ள, பத்து நகத்துக்கு ஒனக்கு ஒரு மழக்காலம் போவுமா?" என்று மிஸ் கேட்பார், றமீலா சிரிப்பாள், ரொஷானியும் சிரித்துவிட்டு தெமோதரை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து அண்ணன் ஜோன்சன் மத்தியானம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது அவன் பெருவிரலில் ஊதா நிறம் பூசிப் பழகினாள், அவன் எழுந்து அதைக் கவனிக்காமலே ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய்விட்டான், ஒரு வாரம் அவனை அங்கே யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, இருந்தும் அடுத்த ஞாயிறு "இந்தா, இடது கை மட்டும், பின்னேரத்துக்குள்ள அழிச்சிரணும்" என்று நீட்டினானே, அந்தக் கடங்காரன்… அம்மாதான் வாய் ஓயவில்லை, "நகத்துக்குப் பூச்சு பூச ரெண்டரை மணி நேரமா? அதுக்குள்ள நான் ஒரு கூடைய ரொப்பிருவேனேடி" என்று. ரொப்பிவிடுவாள்தான், அதில் பொய்யில்லை, பிரான்சிஸ்கா என்றால் தேயிலைத் தோட்டத்து டிவிஷன் முழுக்கத் தெரியும், காலையில் பேர் பதியும் பெரட்டில் கடைசியாகப் பேர் கொடுத்துவிட்டு கொழுந்து நிறுவையில் முதல் ஆளாக நிற்பவள், அவளுடைய மகள் ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஆளை முடித்துவிட்டு வருகிறாள் என்றால் லயத்தில் எப்படிச் சொல்வது?

ஆனால் அந்த மலையில்லாவிட்டால் இந்தக் கையும் இல்லை, அதை யாரும் மறுக்க முடியாது. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு இரண்டு வருடம் அவளும் கொழுந்தெடுத்தாள், வலது கை ஒடிக்கும்போது இடது கை சும்மா இராது, இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு போகும், அந்தப் பழக்கத்தில் இங்கே வந்த இரண்டாம் வாரம் தன்னை அறியாமல் பிரஷை இடது கைக்கு மாற்றி நகத்தின் மறுபக்கத்தைப் பூசினாள், ஆளின் கையைத் திருப்பாமல், முழங்கையைத் தூக்காமல், அப்படியே. மிஸ் சீப்பைக் கீழே வைத்துவிட்டு வந்தார், "இன்னொருக்காக் காட்டு… என்னா புள்ள இது, ரெண்டு கையும் சோத்துக் கையா?" என்றார், றமீலா தானும் இடது கையால் பூசிப் பார்த்து மேசையெல்லாம் சிவப்பாக்கினாள். அன்றைக்கு பஸ்ஸில் ரொஷானி அழவில்லை, இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள், பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் "என்னா மகள், மருதாணியா வச்சிருக்க?" என்று கேட்கும்வரை. பெருவிரல் முடிந்தது, இடது கை ஐந்தும் முடிந்தது, பத்து இருபத்திரண்டு, கண்ணாடி மிட்டாய் மாதிரி ஐந்தும் பளபளவென்று, டீச்சர் கண்ணைத் திறந்து பார்த்து "ஐயோ வடிவா இருக்கே" என்றார். வடிவாகத்தான் இருக்கிறது. சந்தேகமே வேண்டாம், வடிவாக இருக்கிறது, இதைச் செய்தது நான்.

மிஸ் என்றால் ஐந்து விரலுக்கும் ஒரே மூச்சில் பூசி, முழுக் கையையும் ஒன்றாக லாம்பில் வைப்பார். ரொஷானிக்கு அந்தத் தைரியம் இல்லை, ஐந்தாவதைப் பூசுவதற்குள் முதலாவது ஓடி ஓரத்தில் இறங்கிவிடுமே என்று ஒவ்வொன்றாகப் பூசி ஒவ்வொன்றாக வைக்கிறாள், விரலுக்கு நாலு நிமிஷம், நேரம் போவது அதில்தான், தெரியும், தெரிந்தும் பயம்… இருக்கட்டும், ஐந்து விரல் இருபது நிமிஷம், பிறகு பத்துக்கும் மேல்பூச்சாக டொப் கோட், ஐந்து நிமிஷம், பத்து நாற்பத்தேழுக்கு முடியும், மூன்று நிமிஷம் கையில் மிஞ்சும், போதும், வலது கைச் சின்ன விரல், நடுவில் வை, தள்ளு, இழு, மோதிர விரலின் நகம் கொஞ்சம் வளைந்திருக்கிறது, அதற்குப் பிரஷைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், லாம்பில் வை, இரண்டாவது பூச்சு, மோதிர விரலுக்கு ஜெல் குறைவாக எடுக்க வேண்டும், லாம்பு, எடு… இது என்ன? சின்ன விரல் நகத்தின் அடியில், இடது ஓரத்தில், மயிரிழையைக் காணோம். ஜெல் தோலுக்கு ஏறி அப்படியே இறுகிக் கிடக்கிறது, ஒரு அரிசி நுனி அளவுதான், ஆனால் கிடக்கிறது.

மலைப் புத்தி. வேறென்ன? கொழுந்தெடுக்கிறவளின் கண் கையோடு இருக்காது, கை இந்தக் கொழுந்தை ஒடிக்கும்போது கண் அடுத்ததில் இருக்கும், கை அங்கே போகும்போது கண் அதற்கும் அடுத்ததில், அப்படி முன்னால் ஓடினால்தான் கூடை நிரம்பும், எட்டு மாதமாக அந்தக் கண்ணைக் கட்டிப்போட்டு வைத்திருந்தாள், சின்ன விரலைப் பூசும்போது அது அவிழ்த்துக்கொண்டு மோதிர விரலுக்கு ஓடிவிட்டது. இப்போது என்ன செய்ய? மிஸ் கண்ணாடியில் இல்லை, முடி கழுவப் போய்விட்டார். டீச்சர் போனில் "ஆமாங்க, கிளம்பிட்டேன், கிளம்பிட்டேன்" என்று யாரிடமோ பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாருக்கும் தெரியாது, நாலு நாளைக்குத் தெரியாது, நாலாம் நாள் அந்த ஓரம் மெல்லக் கிளம்பும், தலை சீவும்போது முடி மாட்டும், டீச்சர் அதை நோண்டுவார், நோண்டினால் நகத்தின் மேல்தோலோடு உரியும், கல்யாணம் அதற்குள் முடிந்திருக்கும், மேசையும் கைக்கு வந்திருக்கும்… விட்டுவிடலாம். விட்டால் மூன்று நிமிஷம் மிச்சம். தேய்த்து எடுத்துத் திரும்பப் பூசினால் மேசை போச்சு, பண்டாரவளைக்காரி வந்து ஷாம்பு பெட்டிகளை இறக்கி வைப்பாள், அவளுக்கு இவள் தண்ணீர் சுட வைத்துக் கொடுப்பாள்.

கை நகம் தேய்க்கும் ஃபைலை எடுத்துவிட்டது. யோசித்து எடுத்தாளா என்றால் சொல்லத் தெரியாது, அந்த விரலைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான், மற்ற ஐந்துக்கும் பக்கத்தில் அது இருக்கக் கூடாது. "டீச்சர், இந்த ஒரு வெரல மட்டும் திரும்பச் செய்றேங்க, கொஞ்சம் தோல்ல பட்டிருச்சு" என்றாள். டீச்சர் விரலைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார், "எனக்கு ஒன்னும் தெரியலியேம்மா, விடுங்க, பஸ்ஸுக்கு நேரமாகும்" என்றார். "பஸ்ஸுக்கு விட்ருவேங்க. எனக்குத் தெரியுதுங்க" என்று சொன்ன குரல் தன் குரல்தானா என்று ரொஷானிக்கே ஆச்சரியமாக இருந்தது, கெஞ்சவில்லை, நடுங்கவில்லை. டீச்சர் விரலைத் திரும்பக் கொடுத்தார். பொடியாகத் தேய்த்து எடுத்து, துடைத்து, அடிப்பூச்சு போட்டு, லாம்பில் வைத்து… மேசை போய்விட்டது, சரி, போனால் போகட்டும், கடிகாரம் அங்கே சுவரில் தொங்கட்டும், இனி அதற்கும் இவளுக்கும் பேச்சில்லை.

பிறகு… பிறகு என்ன நடந்தது? சின்ன விரல், பிரஷ் வலது கையில், மோதிர விரல், பிரஷ் இடது கையில், லாம்பில் வைக்கவில்லை, ஏன் வைக்கவில்லை, நடுவிரல், தோன்றவில்லை, அவ்வளவுதான், ஆட்காட்டி விரல், வலது, இடது, ஒவ்வொரு நகத்துக்கும் முன்னால் கண் வந்து உட்கார்ந்துகொண்டு, முடிந்த பிறகுதான் எழுந்து போகிறது, பெருவிரல், ஐந்தும் ஈரத்தோடு நிற்கிறது, ஒன்றும் ஓடவில்லை, முழுக் கையையும் தூக்கி லாம்புக்குள், மறுபடி ஒரு சுற்று, மறுபடி முழுக் கை, டொப் கோட், அந்தக் கை, இந்தக் கை, வெளியே கண்டக்டர் யாரோ "பஸ்ஸர பஸ்ஸர" என்று ஊர்ப் பேரைக் கத்துகிறான், யாரையோ கூப்பிடுகிறான், எண்ணெய் ஒவ்வொரு சொட்டு, தேய், தேய்… "முடிஞ்சிருச்சுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தபோதுதான் தோளில் வலி தெரிந்தது.

மிஸ் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். ஒரு பஞ்சுத் துண்டைப் பிய்த்து எடுத்து ஒவ்வொரு நகத்தின் ஓரத்திலும் இழுத்தார், சொரசொரப்பு இருந்தால் நூல் மாட்டும், ஒன்று, இரண்டு, மூன்று… ஆறாவதில் மிஸ் இரண்டு தடவை இழுத்தார், மாட்டவில்லை, பத்தும் முடிந்தது, பஞ்சு போன மாதிரியே வந்தது. "எத்தின மணி?" என்று மிஸ் கேட்டார். ரொஷானி தலையைக் குனிந்துகொண்டு "பிந்திருச்சு மிஸ், ஒரு வெரல அழிச்சுச் செஞ்சேன்" என்றாள். "எங்கட புள்ள மணி பாக்கவே இல்ல போல. பத்து நாப்பத்தி மூணு. ஏழு நிமிஷம் மிச்சம் வச்சிருக்க" என்று மிஸ் தன் போனையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார், அவருக்கே நம்பிக்கை வரவில்லை. டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு "இவங்க பேரு என்ன? அடுத்த தரம் இவங்கதான் வேணும்" என்று மிஸ்ஸிடம் கேட்டார், ரொஷானியிடம் கேட்கவில்லை, மிஸ்ஸிடம் கேட்டார், மிஸ் பேரைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் போன பிறகு மிஸ் ஷாம்பு பெட்டிகளைக் காலால் காட்டி "அதெல்லாம் உள்ளுக்கு எடுத்து வை. சனிக்கிழம பத்து மணிக்கு ஒரு ஆள் வாறாங்க, நீ எடு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஈரத் தலையோடு காத்திருந்தவரிடம் போனார்.

பெட்டிகள் கனமாக இருந்தன, கனம் தெரியவில்லை. சிரிப்பு வந்துகொண்டே இருந்தது, அடக்க அடக்க வந்தது, விரிப்பை உருவி உதறினாள், தூசி பறந்தது, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள், என் மேசை, என் நாற்காலி, ஜன்னல் வெளிச்சம் நேரே கையில் விழுகிறது, இந்தக் கை, எழுபத்துமூன்று நிமிஷத்தில் பத்து நகத்தை முடித்த கை, அதுவும் ஒன்றை இரண்டு தரம் செய்து… எப்படி முடித்தது? சின்ன விரல் நினைவிருக்கிறது, மோதிர விரலில் பிரஷை மாற்றியது கொஞ்சம் நினைவிருக்கிறது, அதற்கப்புறம் நடுவிரலை எப்படிப் பூசினாள், எவ்வளவு ஜெல் எடுத்தாள், கேட்டால் சொல்லத் தெரியாது. மேசை போய்விட்டது என்று நினைத்த பிறகு வந்த வேகம் அது. இழக்க ஒன்றுமில்லாதவளின் கை அப்படி ஓடியது. இப்போது மேசை இருக்கிறது… சனிக்கிழமை பத்து மணிக்கு, இது என்னுடையது என்று தெரிந்துகொண்டே உட்காரும்போது, அந்தக் கை வருமா?