அடுப்பைப் பார்த்து நின்றவள்

வியாழக்கிழமை சாயங்காலம் டக்ளஸ் தன் தங்கை ஜானிஸை அடித்தபோது, அவர்களுடைய அம்மா லூர்து மேரி அடுப்பைப் பார்த்து நின்று சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கிண்ட வேண்டிய அவசியமே இல்லை. பருப்பு வெந்து, புளி கொதித்து, இறக்கிவைக்க வேண்டிய நேரமும் தாண்டிவிட்டது. ஆனாலும் கிண்டினாள். அந்த வீட்டில் அடி விழும்போதெல்லாம் அவளுக்கு அடுப்பில் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். புருஷன் கேப்ரியல் பிள்ளைகளை வெளுத்து வாங்கிய காலத்திலேயே தொற்றிக்கொண்ட பழக்கம் அது. கேப்ரியல் செத்து எட்டு வருடமாகிறது. பழக்கம் சாகவில்லை.

"சிம்பாங்ல எவனோ மோட்டார்ல கொண்டாந்து எறக்கி விடுறான். சந்தியில நின்னு கரங்கான் ஊரே பார்க்குது. யாருடி அவன்?"

"பஸ்ஸ உட்டுட்டேண்ணே. கூடப் படிக்கிற பையன்தான்லா. ஹாஃபிஸ்னு, கோத்தா கோலா மூடா..."

ஊர்ப் பெயர் முழுசாக வெளியே வருமுன் முதல் அறை விழுந்தது. இரண்டாவது அறையில் தலை பிரிட்ஜில் மோதி, கதவில் ஒட்டியிருந்த மாதா படம் கீழே விழுந்தது. பிறகு அவளுடைய இடது கையை முழங்கைக்கு மேலே வலது கையால் பிடித்து உலுக்கினான். டக்ளஸின் வலது கையில் மோதிர விரல் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன் பலகைக் கம்பெனி மெஷின் அதை எடுத்துக்கொண்டது. போன விரலின் பலமும் மிச்சமிருக்கும் விரல்களில் வந்து சேர்ந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு பாப்பம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். அவளுக்கென்ன, பிடி ஜானிஸின் கையில்தானே.

"கம்ப்யூட்டர் கோர்ஸுக்குப் போறியா, இல்ல ஊர் சுத்தப் போறியா?"

கம்ப்யூட்டர் என்பது லூர்து மேரி அவிழ்த்துவிட்ட பொய். ஜானிஸ் போய்க்கொண்டிருந்தது கூலிமில் ஒரு தனியார் கல்லூரி நடத்தும் கலை முகாமுக்கு. எஸ்.பி.எம். பரீட்சை முடித்துவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு நான்கு வாரம் நாடகமும் நடனமும் ஓவியமும் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசி நாளில் ஒவ்வொருவரும் தாங்களே உருவாக்கிய ஒன்றை மேடையில் காட்ட வேண்டும். அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேரை எடுப்பார்கள். எடுக்கப்பட்டால் மூன்று வருடப் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். முகாம் மனுவில் லூர்து மேரி கையுறைத் தொழிற்சாலையின் கேண்டீனில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் கையெழுத்துப் போட்டாள். மகள் தன்னைப்போல வரிசையில் நின்று கையுறை உருவக்கூடாது. இந்த வீட்டை விட்டு அவள் போய்விட வேண்டும். இவ்வளவும் ஆசைப்படத் தெரிந்த மனுஷிக்கு, திரும்பி நின்று "விடுடா அவளை" என்று சொல்ல மட்டும் நாக்கு வரவில்லை.

டக்ளஸ் மோட்டாரை உதைத்துக் கிளம்பிப் போன பிறகு தட்டில் சோறு போட்டு வந்தாள். "சாப்பிடு" என்றாள். வேறென்ன சொல்வாள்?

ஜானிஸ் தட்டைத் தொடவில்லை. "சனிக்கிழமை மூணு மணிக்கும்மா. நீ மட்டும் வா. நான் போடப்போறது உனக்காகத்தான்."

ஒரு வாரத்துக்கு முன்னால் இதே அடுப்படியில் வேறு மாதிரி அறை ஒன்றை லூர்து மேரி பார்த்திருந்தாள். மேடையில் எப்படி அடிப்பது, எப்படி வாங்குவது என்று பிரேமாவதி டீச்சர் சொல்லிக்கொடுத்ததை ஜானிஸ் அவளுக்கு நடித்துக் காட்டினாள். "ஓங்குற கை முகத்துல படவே படாதும்மா. இவ்ளோ தூரத்துல போயிடும். அடி வாங்குறவதான் சத்தத்த எழுப்பணும், இங்க பாரு." தன் நெஞ்சில் தானே பட்டென்று தட்டி, தலையைச் சிலுப்பிக்கொண்டு தரையில் உருண்டாள். எழுந்து சிரித்தாள். லூர்து மேரியும் சிரித்தாள். வலிக்காமல் அடி வாங்க முடியும் என்பது அவள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாத சங்கதி.

சனிக்கிழமை மத்தியானம் லூர்து மேரி கோயிலுக்குக் கட்டும் நீலச் சேலையை உடுத்திக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் டக்ளஸ் காடியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"சனிக்கிழமை எந்தப் பூசைக்கும்மா இந்தச் சேலை?"

ஒரு பொய்யையே தூக்கிச் சுமக்கத் திணறிக்கொண்டிருந்தவளுக்கு இன்னொன்று கிடைக்கவில்லை. தங்கச்சியுடைய படிப்பு முடிகிறது, ஏதோ நிகழ்ச்சி வைத்திருக்கிறார்கள் என்றாள்.

"அப்ப நானும் வரேன். ஏறு" என்று காடிக் கதவைத் திறந்தான் டக்ளஸ்.

மண்டபம் பெரிதில்லை. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். திரையோரம் எட்டிப் பார்த்த ஜானிஸ் அண்ணனைக் கண்டதும் அப்படியே நின்றாள். பிரேமாவதி டீச்சர் அவள் காதில் ஏதோ கேட்டார். ஜானிஸ் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்றாளா, பரவாயில்லை என்றாளா, தூரத்தில் தெரியவில்லை. முன்வரிசையில் தேர்வு செய்ய வந்த இரண்டு பேர் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

மேடையில் ஒரு மர நாற்காலி, ஒரு மேசை, மேசைமேல் ஒரு சட்டி. பெண்டாங்கிலிருந்து வந்த தேவகி என்ற பெண் கைலி கட்டி, தலைமுடியை அள்ளி முடிந்து, பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நின்று வெறும் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கிண்டிக்கொண்டே இருந்தாள். வேறொன்றும் செய்யவில்லை.

லூர்து மேரிக்குக் காது இரண்டும் சூடாயின. தன் முதுகு எப்படி இருக்கும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

ஜானிஸின் பின்னாலேயே ஹாஃபிஸ் மேடைக்கு வந்தான். ஒல்லியான பையன், அரும்பு மீசை. வாயைத் திறந்தால் வந்தது டக்ளஸின் குரல். "சிம்பாங்ல எவனோ மோட்டார்ல கொண்டாந்து எறக்கி விடுறான். யாருடி அவன்?"

டக்ளஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஹாஃபிஸ் கையை ஓங்கினான், பட்டென்று சத்தம் கேட்டது. மண்டபமே ஐயோ என்றது. சத்தம் எழுப்பியது மகளின் கைதான், அவள் நெஞ்சில்தான் தட்டினாள். லூர்து மேரி கண்ணால் பார்த்தாள். பார்க்க வந்தவர்களில் அதைத் தேடிப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். இரண்டாவது அறைக்கு ஜானிஸ் தரையில் விழுந்தாள். சட்டியைக் கிண்டுகிறவள் திரும்பவில்லை.

"கூராங் ஆஜார்! உன் கைய ஒடிக்கிறேன்டா!"

டக்ளஸ் முன்வரிசையைத் தாண்டி மேடையில் ஏறியபோது பாதிப் பேர் இதுவும் நாடகம்தான் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அவன் ஹாஃபிஸின் சட்டையைப் பிடித்து மூக்கில் குத்தினான். இந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. கைதட்டல் நின்றது. பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்ததும் வயிற்றில் முழங்காலால் இடித்தான். விழுந்தவனை மிதித்தான். "அண்ணே, அது டிராமாண்ணே! அவன் என்னைத் தொடவே இல்ல!" என்று ஜானிஸ் குறுக்கே பாய்ந்தாள். ஒரு தள்ளில் அவள் மேசையோடு சாய்ந்தாள். சட்டி உருண்டு கீழே போய் விழுந்தது. டக்ளஸ் மர நாற்காலியைத் தூக்கினான். ஹாஃபிஸ் முகத்தைக் காப்பாற்றக் கையை உயர்த்தினான். நாற்காலி அந்தக் கையில்தான் இறங்கியது. எலும்பு முறிந்தது இரண்டாவது வரிசைவரை கேட்டது.

லூர்து மேரி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். கிண்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லாததால் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். நான்கு பேர் சேர்ந்து டக்ளஸைப் பிடித்துத் தரையில் அமுக்கினார்கள்.

போலீஸ் பாலாயில் சார்ஜன் புவனேசன் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்தார். மண்டையில் வழுக்கை விழுந்த, பொறுமையான மனிதர். நேரம் மாலை ஆறு. ஹாஃபிஸுக்கு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுடைய அப்பா மூசா, கோத்தா கோலா மூடாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், மகனைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தார். சட்டை முன்புறம் மகனுடைய ரத்தம்.

"ரெண்டு ரிப்போட் இருக்கு" என்றார் சார்ஜன். "இவரு அந்தப் பையன அடிச்சாரு, அதுக்குச் சாட்சி நூறு பேரு. ஆனா அந்தப் பையன்தான் மொதல்ல பொண்ண அடிச்சான்னு இவரு சொல்றாரு."

"நடிப்பு சார்" என்றார் பிரேமாவதி டீச்சர். "நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வீடியோகூட இருக்கு."

சார்ஜன் வீடியோவைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். "டீச்சர், இதுல அடிக்கிற மாதிரிதானே இருக்கு?"

டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது. அடிக்கிற மாதிரி தெரிய வேண்டும் என்றுதானே நான்கு வாரம் பயிற்சி கொடுத்தார். பிள்ளைகள் நன்றாக நடித்ததே வினையாகப் போயிற்று.

"மாதிரி என்னா சார் மாதிரி?" டக்ளஸ் எழுந்தான். ஜானிஸின் சட்டைக் கையை அவனே மேலே தள்ளினான். "இதப் பாருங்க. இதுவும் நடிப்பா? கையெல்லாம் நீலம் பூத்துக் கெடக்கு. இதான் அங்க இவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அந்தப் பய வேலதான் இது!"

சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் மிரட்டலும் இருந்தது, கெஞ்சலும் இருந்தது.

டீச்சர் அந்தக் காயத்தை அப்போதுதான் பார்த்தார். சார்ஜன் ஜானிஸைக் கேட்டார். "சொல்லும்மா. இது யார் பண்ணது?"

"நான் சொன்னா அண்ணன் மறுப்பாரு" என்றாள் ஜானிஸ். "எங்கம்மாகிட்ட கேளுங்க சார். அவங்க அங்கதான் இருந்தாங்க."

டக்ளஸ் சொன்னதற்கு லூர்து மேரி ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், மகன் இன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுவான். மூக்கு உடைந்து கிடக்கிற அந்தப் பையன் தலையில் பழி விழும். முகாம் பெயர் கெடும், ஜானிஸுக்கு அந்த இடம் கிடைக்காது. அவள் அதே அடுப்படிக்குத் திரும்பி வருவாள். இல்லை என்று சொன்னால், பெற்றவளே பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தவளாவாள். விரல் போன அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இவன் குழந்தையாட்டம் தன் மடியில் முகம் புதைத்து அழுததை நினைத்தாள். அவனையும் அவள்தானே பெற்றாள்.

மூசா அவள் முன்னால் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "தங்கச்சி, என் மவன் உங்க புள்ளைய அடிச்சானா? அத மட்டும் சொல்லுங்க. அடிச்சிருந்தா, அவன் இன்னொரு கையையும் நானே ஒடைக்கிறேன்."

அந்த அறையில் இருந்த ஆண்களில் தன் பிள்ளையும் தப்பு செய்திருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

லூர்து மேரி எழுந்தாள். மகனிடம் போய் அவனுடைய வலது கையைப் பிடித்தாள். அம்மா தன்னைத் தேற்ற வருகிறாள் என்று நினைத்து அவன் கொடுத்தான். அந்தக் கையை இழுத்துக்கொண்டு வந்து மகளின் கைமேல் வைத்தாள்.

கட்டைவிரல் ஒரு தடத்தில் உட்கார்ந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடுத்தடுத்த தடங்களில் உட்கார்ந்தன. பிறகு ஒரு விரல் அகலத்துக்குக் காயமே இல்லாத தோல். அதற்கப்பால் சுண்டுவிரலுக்கு ஒரு தடம்.

"அந்தப் பையனுக்கு அஞ்சு விரலும் இருக்கு சார்" என்றாள் லூர்து மேரி. "இது வியாழக்கிழமை நடந்தது. என் வீட்டு அடுப்படியில. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"அம்மா!" என்று அலறினான் டக்ளஸ். கையைப் பிடுங்கிக்கொண்டு அவளை நோக்கி ஓங்கினான். அவள் முகத்தைத் திருப்பவில்லை. கை இறங்குவதற்குள் இரண்டு போலீஸ்காரர்கள் அவனைச் சுவரோடு அழுத்திவிட்டார்கள். லோக்காப்புக்கு இழுத்துக்கொண்டு போகும்போது அவன் அவளைச் சொல்லாத வார்த்தை இல்லை. கடைசியில் வார்த்தை தீர்ந்து அழுதான். அந்த அழுகைதான் அவளைக் கொன்றது.

வாக்குமூலம் எழுதி முடிய ஏழு மணியானது. அம்மாவும் மகளும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, டீச்சர் காடியை எடுத்து வரக் காத்திருந்தார்கள்.

"செவ்வாக்கிழம மறுபடியும் போட்டுக் காட்டச் சொல்லியிருக்காங்களாம்" என்றாள் ஜானிஸ். "முழுசாப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவாங்களாம். ஹாஃபிஸுக்குப் பதிலா வேற யாராச்சும் செய்யணும்."

லூர்து மேரி மத்தியானத்திலிருந்து மனதில் கிடந்ததைக் கேட்டாள். "கடைசியில அந்தப் பொம்பள திரும்புவாளா?"

ஜானிஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "இல்லம்மா. அவ கிண்டிக்கிட்டேதான் இருப்பா. வெளக்கு அணையுற வரைக்கும்." பிறகு, "வேணும்னா மாத்திடுறேன்" என்றாள்.

"மாத்தாத" என்றாள் லூர்து மேரி. "அப்படியே போடு. நான் முன்னால ஒக்காந்து பார்க்கிறேன்."