முப்பது பேரிடம் சொன்ன ஜெபக் குறிப்பு

நான் அண்ணி என்று கூப்பிடும் என் நாத்தனார் துணி வெட்டுவார்; நான் தைப்பேன். பத்து வருடமாக ஒரே கடை, ஒரே மேசை. அப்படிப்பட்ட நாங்கள் கால் அங்குலத்துக்காகப் பதினோரு நாள் பேசாமல் இருந்தோம்.

கொஞ்ச நாளாகத் தையலுக்கென்று ஓரத்தில் அவர் விடும் துணி போதவில்லை என்பது என் கட்சி. நான் மிஷினில் கண்டபடி இழுத்து ஓட்டுகிறேன் என்பது அவர் கட்சி. பேச்சு நின்றதும், வெட்டிய துணியில் ‘கை, இரண்டு’ என்று சீட்டு எழுதிக் குத்தி வைப்பார். நானும் சீட்டிலேயே பதில் எழுதுவேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும், சீக்கிரத்தில் இறங்காது.

புதன்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. “யாருக்காவது ஜெபக் குறிப்பு உண்டா?” என்று போதகரின் மனைவி கேட்டதுதான் தாமதம், எழுந்துவிட்டேன்.

“எங்க அண்ணியோட கடின இருதயம் மாறணும்.”

குரலைக் கொஞ்சம் தழுதழுக்கவும் வைத்துக்கொண்டேன். முப்பது பேர் உருகி உருகி ஜெபித்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

மறுநாள் கவுன் தைக்கக் கொடுக்க வந்த, அந்த முப்பது பேரில் ஒருத்தி நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “கவலப்படாதீங்க, கர்த்தர் உங்க இருதயத்த மாத்துவார்.”

நாத்தனார் என்னைப் பார்த்தார். கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த இரண்டு நாளும் வரவில்லை. என் இரண்டு பிரசவத்திலும் பக்கத்தில் நின்றவர், இனி வரவே மாட்டாரோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முழங்காலில் நின்றேன், வாய் எழவில்லை. கடவுளிடம் சொன்னேன், முப்பது பேரிடம் சொன்னேன், சொல்ல வேண்டியவரிடம் மட்டும் சொல்லவில்லை. ஒருவர்மேல் குறை இருந்தால் முதலில் அவரிடம் தனியாகப் போ என்பது ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம்.

துணைக்கு வருகிறேன் என்ற கணவரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். நாத்தனார் கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

“அண்ணி, ஜெபம்னு பேர் வெச்சு உங்களப் பத்திப் புறம் பேசிட்டேன். தப்புதான். மன்னிச்சிடுங்க.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “டேப்புல சின்னக் கோடெல்லாம் கண்ணுக்குத் தெரியல. சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் உன்மேல பாஞ்சேன்.”

பதினோரு நாள் நான் சண்டை போட்டது மங்கிய ஒரு ஜோடிக் கண்ணோடு. கூசிப்போனேன்.

“முதல்ல கண்ணாடி வாங்குவோம். அதுவரைக்கும் நான் கோடு போடறேன், நீங்க வெட்டுங்க.”

“சரி. தப்பா வந்தா உன் தலையில போட்டுடலாம்” என்று சிரித்தபடி கதவை அகலத் திறந்தார். அங்கேயே இருவரும் ஜெபித்தோம். இந்த முறை வாய் எழுந்தது.

அடுத்த புதன்கிழமை மறுபடி எழுந்தேன்.

“போன வாரக் குறிப்புக்குப் பதில் கெடச்சிடுச்சு. கடின இருதயம் மாறிடுச்சு. ஆளைத்தான் தப்பா சொல்லிட்டேன். அது என்னோடது.”

கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது என் பக்கத்திலிருந்து, புதுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நாத்தனார் கூரை அதிரச் சொன்னார்:

“ஆமென்!”