பதில் எண் இருபத்து மூன்று

நான்கு வருடமாக ஊருக்கெல்லாம் குழந்தை வளர்க்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். வேலையே அதுதான். புதுப் பெற்றோர் உதவி எண் என்று ஒன்று உண்டு. பிள்ளை பெற்றவர்கள் விழிபிதுங்கிப்போய் அழைப்பார்கள். நாங்கள் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கோப்பைப் பார்த்துப் பதில் சொல்வோம். கோப்பில் மொத்தம் அறுபத்திரண்டு பதில்கள். இருபத்து மூன்றாவது, குழந்தைக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டுவது பற்றியது. அதை எழுதியதே நான்தான், கல்யாணத்துக்கு முன்பு. அதாவது, ஒன்றுமே தெரியாத காலத்தில்.

"பிறந்த நாளிலிருந்தே படித்துக்காட்டுங்கள். அமைதியான இடத்தில் உட்காருங்கள். இனிமையான குரலில், ஏற்ற இறக்கத்தோடு படியுங்கள். கதை புரிய வேண்டியதில்லை. குழந்தைக்கு உங்கள் குரல் போதும்."

எழுதி முடித்தபோது என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

இப்போது என் மகளுக்கு நான்கு மாதம். இன்னும் பத்து நாளில் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் அவள் என்னை அம்மா என்று அடையாளம் கண்டுகொள்ள வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. பாலுக்கு வருகிறாள், தூங்கத் தோளுக்கு வருகிறாள். ஆனால் நான் வாத்துப் படம் போட்ட துணிப் புத்தகத்தைப் பிரித்து, "வாத்துக்குட்டீ... குளத்துக்குப் போச்சாம்..." என்று தேன் ஒழுக ஆரம்பித்தால் போதும், முதுகை வில்லாக வளைத்து வீறிடுகிறாள். நான் சத்தமாகச் சிரித்துக் கொஞ்சினால் இன்னும் மோசம். யாரோ வழிப்போக்கர் கன்னத்தைக் கிள்ள வந்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

என் கணவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். சாயங்காலம் வந்து கைகழுவிவிட்டு, காலி டப்பாவில் எழுதியிருப்பதை அவளுக்குப் படிப்பார். "முதல் கோட்டு காய நாலு மணி நேரம். நல்லா கலக்கிட்டு உபயோகிக்கவும்." அவள் வாய் திறந்து கேட்பாள். கால் உதைத்துச் சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வாத்தைவிடப் பெயிண்ட் டப்பா உசத்தியா?" என்று அவரிடம் எகிறினேன்.

"எங்கிட்ட ஏம்மா கோவப்படறே? அவகிட்ட கேளு."

நான் அவரோடு சண்டை போடும்போது மட்டும் அந்தக் குட்டி என்னை ஆர்வமாகப் பார்க்கிறது. வேடிக்கை பார்க்க இப்போதே பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மூன்று பெற்ற என் கணவரின் அக்கா, "பால் குடிச்சதும் படி, வயிறு நிறைஞ்சாத்தான் காது கேக்கும்," என்றார். கீழ்வீட்டுப் பெண், "பாலுக்கு முன்னாடி படிங்க, குடிச்சா தூங்கிடும்," என்றாள். ஒருவர் மடியில் வைக்கச் சொன்னார், ஒருவர் வைக்கவே கூடாது, எதிரில் படுக்கவை என்றார். என் அப்பா போனில், "பேப்பர் படிச்சுக் காட்டு, நாட்டு நடப்பாவது தெரியட்டும்," என்றார். எல்லாவற்றையும் செய்தேன். பாலுக்கு முன், பின், நடுவில், மடியில், பாயில், ஜன்னலோரத்தில். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவள் அழுதாள். ஒருநாள் நானும் சேர்ந்து அழுதேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு வெட்கத்தைவிட்டு உதவி எண்ணை அழைத்தேன். யார் எடுத்தாலும் என்னைத் தெரியக்கூடாது என்று குரலை மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தேன். போனில் ஆறு சதவீதம் சார்ஜ். ஸ்பீக்கரில் போட்டு, கத்திக்கொண்டிருந்த மகளுக்குப் பக்கத்தில் மெத்தையில் வைத்தேன்.

"வணக்கம். புதுப் பெற்றோர் உதவி எண்ணுக்கு உங்களை வரவேற்கிறோம். எங்கள் ஆலோசகர்கள் அனைவரும் மற்ற அழைப்புகளில் இருக்கிறார்கள்."

என் குரல்தான். ஏழு மாத வயிற்றோடு, ஸ்டோர் ரூமில் கதவை மூடிக்கொண்டு பதிவு செய்தது. வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்து அடித்துக் கெடுத்ததால் பதினொரு முறை படிக்கவேண்டியிருந்தது. உப்புச் சப்பில்லாத, சமதளமான ஆபீஸ் குரல்.

மகள் அழுகையைப் பாதியில் நிறுத்தினாள். தலையைத் திருப்பிப் போனைத் தேடினாள். கண்டுபிடித்ததும் ஈறு தெரியச் சிரித்தாள்.

"செல்லக்குட்டீ, அம்மா குரலுடா அது!" என்று நான் குனிந்தேன். உதடு பிதுங்கியது.

போன்தான் இவளுக்கு அம்மாவா? அப்படியானால் பத்து மாதம் சுமந்த நான் யார்?

இதற்குள் மறுமுனையில் இருமல் கேட்டது. போச்சு. என் பக்கத்து இருக்கைக்காரர். சதா இருமிக்கொண்டே இருப்பதால் இருமல் அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம்.

"சொல்லுங்கம்மா. குழந்தைக்கு எத்தனை மாசம்?"

மூக்கைப் பிடித்துக்கொண்டு, "நாலு. படிச்சுக் காட்டினா அழுவுது," என்றேன்.

காகிதம் புரளும் சத்தம். "ஒண்ணும் கவலைப்படாதீங்க. பிறந்த நாளிலிருந்தே படித்துக்காட்டுங்கள். இனிமையான குரலில், ஏற்ற இறக்கத்தோடு..."

"'அமைதியான இடத்தில் உட்காருங்கள்', அதை விட்டுட்டீங்க," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மூக்கிலிருந்து கை எப்போது இறங்கியது என்று தெரியவில்லை.

"ஏய்! நீயாடீ?"

"நான்தான் அக்கா. குழந்தைக்கு உங்கள் குரல் போதும்னு போட்டிருக்கே, அது எந்தக் குரல்? சொல்லுங்க. என் குரலைக் கேட்டா அழுவுறா. என் ரெக்கார்டைக் கேட்டா சிரிக்கிறா. எனக்கு மண்டை காயுது."

"எழுதினது நீ, என்னைக் கேக்கறே? கோப்புல அதுக்குப் பதிலே இல்லையேடி. இரு, இன்னொரு லைன் அடிக்குது, வெச்சிடாதே."

மறுபடி, "வணக்கம். புதுப் பெற்றோர் உதவி எண்ணுக்கு..." மகள் இரண்டு கையையும் போனை நோக்கி நீட்டினாள். "...எண்ணுக்கு உங்களை..." என்னும்போதே போன் அணைந்துபோனது. சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அவள் இருட்டான திரையைப் பார்த்தாள். புருவம் சிவந்தது, உதடு நடுங்கியது. சார்ஜரை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. பதற்றத்தில், விட்ட இடத்திலிருந்து நானே தொடர்ந்தேன், அதே ஆபீஸ் குரலில், யாரோ முகம் தெரியாதவரிடம் பேசுவதுபோல.

"உங்களை வரவேற்கிறோம். எங்கள் ஆலோசகர்கள் அனைவரும் மற்ற அழைப்புகளில் இருக்கிறார்கள்."

உதடு நடுங்குவது நின்றது. போனைப் பார்த்தாள். குரல் அங்கிருந்து வரவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மெதுவாக என்னைப் பார்த்தாள். என் கண்ணை அல்ல, வாயை. என்னைப் போலவே அவளும் குழம்பிப்போயிருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாளுக்கு எண்பது அழைப்பு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பேசிய ஒவ்வொன்றையும் இவள் உள்ளேயிருந்து கேட்டிருக்கிறாள். வெளியே வந்தால் அந்த ஆள் இல்லை. அதற்குப் பதில் வாத்துப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எவளோ ஒருத்தி தேன் ஒழுகுகிறாள். நான்கு மாதமாக ஒரு வார்த்தை என் சொந்தக் குரலில் இவளிடம் நான் பேசவில்லையே!

புத்தகத்தை எடுத்தேன். "வாத்து தற்போது குளத்தில் உள்ளது," என்று படித்தேன். "வாத்துக்குட்டி வரிசையில் இரண்டாவது இடத்தில் உள்ளது."

கெக்கே என்று சிரித்தாள். சின்ன விரல்களை நீட்டி என் கீழுதட்டைப் பிடித்துக்கொண்டாள். இழுத்துப் பார்த்தாள், குரல் அங்கிருந்துதான் வருகிறதா என்று.

மீதி அறிவிப்பும் வேண்டும்போல என் வாயையே பார்த்தாள். மனப்பாடம்தானே, சொன்னேன்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு..."

லாரி சத்தத்துக்கு நடுவே பதினொரு முறை தங்குதடையின்றிப் படித்த வரி. பன்னிரண்டாவது முறை, 'முக்கியம்' என்ற சொல்லுக்கு முன்னால் தடுக்கி நின்றேன். அவள் உதட்டை விடாமல் காத்திருந்தாள்.