முன்பக்கம் போன வீடு

பெங்களூர் காக்ஸ் டவுனில் ஹெர்பர்ட் வீட்டின் பின்னால் கட்டிய புதுச் சமையலறைக்கு, கூரைக் கான்கிரீட் இறுகும்வரை அடியில் முட்டுக்கொடுத்திருந்த சென்ட்ரிங் பலகையைப் பிரித்த அன்று, முன்னால் இருந்த வராந்தா காணாமல் போனது. இடியவில்லை, சரியவில்லை, ஒரு பிடி தூசிகூடக் கிளம்பவில்லை. காலையில் பால் வாங்கும்போது இருந்தது. காய்கறி வண்டிக்காரன் குரல் கேட்டு ஹெர்பர்ட்டின் மனைவி பெர்னதெத் ஹால் கதவைத் திறந்தபோது, நிலைப்படிக்கு அந்தப் பக்கம் வெறும் மண்தரை. மங்கி டாப் என்று அந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் கூம்பு வைத்த மரத்தட்டி, இரண்டு பிரம்பு நாற்காலி, ஹெர்பர்ட் இன்னும் பிரிக்காத அன்றைய பேப்பர், எல்லாம் கூடவே போயிருந்தன. இது தொண்ணூற்று மூன்றில். மேஸ்திரி முனிரத்தினம் டேப் பிடித்துப் பார்த்தார். பின்னால் கூடியது எவ்வளவோ அவ்வளவுதான் முன்னால் குறைந்திருந்தது. "கரெக்டா இருக்கும்மா" என்றார். தன் வேலையில் அளவு பிசகவில்லை என்று அவருக்கு ஒரு திருப்திகூட. பார்க்க வந்த கார்ப்பரேஷன் ஆள், ரோட்டை அகலப்படுத்தினால் எப்படியும் வராந்தா போயிருக்கும், இப்போதே போனது நல்லதுதான் என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போனார்.

வெள்ளைக்காரன் காலத்து வீடு. ஓட்டுக்கூரை, சிவப்புச் சிமெண்ட் தரை, வராந்தா, ஹால், ஒரே ஒரு படுக்கையறை, அவ்வளவுதான். சமையலும் கக்கூஸும் பின்னால் தனித்தனியாக, வீட்டோடு ஒட்டாமல். ஹெர்பர்ட்டுக்கு அது போதும். ஆனால் மகள் ஜூடித் கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டு முதல் லீவுக்கு வந்தபோது, "பாத்ரூமுக்குக் குடை பிடிச்சிட்டுப் போற வீட்டுல குழந்தைய வெச்சிக்கிட்டு எப்படி மம்மி இருக்கறது? கொஞ்சம் மாடர்னா கட்டுங்க, நாங்க மொத்தமா இங்கயே வந்துடறோம்" என்று சொல்லிவிட்டாள். விளையாட்டாகச் சொன்னாளோ வினையாகச் சொன்னாளோ, பெர்னதெத்துக்கு அது வேதவாக்கு. ஒரே மகள், ஒரே பேரன். அன்றிலிருந்து அவள் கண்ணுக்கு அந்த வீட்டில் ஓட்டையும் ஒழுகலும் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

தொண்ணூற்றேழில் சமையலறைக்குப் பக்கத்தில், படுக்கையறைக்கு நேர்பின்னால், டைனிங் ஹால் கட்டினார்கள், கிரானைட்டும் வாஷ் பேசினும் வைத்து. அது முடிந்த அன்று பழைய ஹால் போனது. திருஇருதயப் படம், கல்யாணப் போட்டோ, ஹெர்பர்ட்டின் அப்பா வாங்கிய ரேடியோ எல்லாம் அதோடு சரி. படுக்கையறைக் கதவைத் திறந்தால் நேரே சப்போட்டா மரம். ஹெர்பர்ட் ரெண்டு நாள் சாப்பிடவில்லை. பெர்னதெத் அழுதாள்தான், ஆனால் அழுதுகொண்டே புது பேசினையும் துடைத்து வைத்தாள். வந்தவர்கள் எல்லாம் முன்னால் இரண்டு அடி நடந்து பார்த்துவிட்டு, "அய்யோ பாவம்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கமாக உள்ளே வந்து டைல்ஸ் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு வருஷத்தில் எல்லாருக்கும் பழகிவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெர்னதெத்துக்கு எதிலும் பொறுமை கிடையாது. பலகை பிரிக்கும் அன்றைக்கே, சுவர் ஈரம் காய்வதற்குள், பங்குச் சாமியாரைக் கூட்டிவந்து, தீர்த்தம் தெளித்துப் புது அறையை மந்திரிக்க வைத்துவிடுவாள். இரண்டு தடவையும் அப்படித்தான் நடந்தது. அதனால் தீர்த்தம் புதுச் சுவரில் பட்டால் பழையது போய்விடுகிறது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். ஹெர்பர்ட்டும் அப்படித்தான் நம்பினார். சாமியாரிடம் இதைச் சொன்னபோது அவர் சங்கடப்பட்டுப் பேச்சை மாற்றினார். பலகையை யாரும் நினைக்கவேயில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் ஜூடித் போன் செய்தாள். "அட்டாச்ட் பாத்ரூமோட எங்களுக்குன்னு ஒரு ரூம் ஆயிட்டா டிக்கெட் போட்டுடறோம் மம்மி." பழைய வீட்டில் பாக்கி இருந்தது ஹெர்பர்ட் படுக்கும் அந்த ஓர் அறைதான். முட்டி வலிக்காரர், நாள் முழுக்க அந்த ஜன்னல் பக்கம் கட்டிலில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பது ஒன்றுதான் அவருக்குப் பொழுது. பெர்னதெத் எப்படிக் கேட்பது என்று தவித்தாள். அவரே சொன்னார். "கட்டு பெர்னா. புள்ள வரட்டும். மந்திரிக்கிற அன்னிக்குக் காலைல நான் பின்னால வந்துடறேன். அதுவரைக்கும் இங்கயே விட்டுடு." இதிலென்ன தப்பு? அவள் பீரோவை நகர்த்தினாள், துணிமணியை நகர்த்தினாள். கட்டிலும் அவரும் மட்டும் அங்கே இருந்தார்கள்.

ஆகஸ்டில் கூரைக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. செப்டம்பரில் சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழா. சாமியார், "திருவிழா முடியட்டும்மா, மறுநாள் வந்து மந்திரிக்கிறேன்" என்றார். பெர்னதெத்துக்கு நிம்மதி. இன்னும் சில நாள் அவர் அந்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கலாம் அல்லவா? திருவிழா அன்று மாதாவுக்கு நேர்ந்துகொண்ட காவிப் புடவை கட்டி, அவருக்கு ஆப்பமும் கறியும் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுத் தேர் பார்க்கப் போனாள். "எனக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்து" என்று ஜன்னலிலிருந்து சொன்னார். ஏற்றினாள். திரும்பி வந்து கேட்டைத் திறந்தால், எதிரே டைனிங் ஹாலின் சுவர், காலண்டர் மாட்டிய ஆணியோடு, வெயிலில் நிற்கிறது. பின்னால் முனிரத்தினத்தின் ஆட்கள் டெம்போவில் பலகை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஹென்னூரில் வேறொரு வேலைக்குப் பலகை அவசரமாகத் தேவைப்பட்டதாம்.

"ஐயா எங்க?" என்றாள்.

"ரூம்லதாம்மா இருந்தாரு. அவருகிட்டதான் கேட்டோம், பிரிச்சிக்கங்கப்பான்னாரு. இப்பக்கூட இருமுனாரே!"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தீர்த்தம் இல்லை, பலகை. அடிப்பாவி, பலகைடி, பலகை என்று தன்னையே திட்டிக்கொண்டு, அந்த மண்தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். சப்போட்டா மரத்தடி வரைக்கும் கையால் துழாவிப் பார்த்தாள். மண் குளிர்ச்சியாக இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் எப்போது வீட்டை விட்டுப் போனார் என்று கேட்டார்கள். "வீட்ட விட்டுப் போகல சார், வீட்டோட போயிட்டாரு" என்றாள். அப்படியே எழுதிக்கொண்டார்கள். உடல் இல்லாததால் அடக்கப் பூசை வைப்பதா வேண்டாமா என்று சாமியார் கடைசி வரைக்கும் தயங்கினார். ஜூடித் பறந்து வந்தாள், தேம்பித் தேம்பி அழுதாள், புது அறையில் தங்கினாள். பாத்ரூம் நன்றாக இருந்தது, தண்ணீர் வேகமாக வந்தது. டாடி இல்லாத வீட்டில் இருக்க மனசு கேட்கவில்லை என்று சொல்லி, பெர்னதெத்தையும் மஸ்கட்டுக்குக் கூப்பிட்டாள். அவர் எந்த நேரம் திரும்பி வந்து கதவைத் தட்டுவாரோ, திறக்க ஆள் வேண்டாமா என்று இவள் போகவில்லை. பேரன் விமானத்துக்குப் போகும்போது டாட்டா காட்டினான்.

இரண்டு வருஷம் கழித்து முனிரத்தினத்தை வரச்சொல்லி, பின்னால் மிச்சமிருந்த இடத்தில் இன்னொரு அறை போடச் சொன்னாள். யாருக்கும்மா என்று கேட்டார். போடுங்க என்றாள். வராந்தா போன இடத்துக்குத்தான் ஹால் போயிருக்கும், ஹால் போன இடத்துக்கு அந்த அறையும் போயிருக்கும், மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து எங்கேயோ ஒரு தெருவைப் பார்த்து நிற்கும், அவர் வராந்தாவில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்திருப்பார் என்பது அவள் கணக்கு. தான் மட்டும் இங்கே எதற்கு? பலகை பிரிக்கும் அன்று கல்யாணப் புடவை கட்டினாள், கேஸை அணைத்தாள், ஜூடித்துடைய நம்பரைச் சமையலறைச் சுவரில் பெரிதாக எழுதினாள். இப்போது வீட்டுக்கு முன்பக்கம் என்று இருந்தது டைனிங் ஹால்தான். அங்கே நாற்காலி போட்டு, ஜெபமாலையைக் கையில் பிடித்து உட்கார்ந்து, "ஆரம்பிங்க" என்று குரல் கொடுத்தாள்.

பலகை ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கடைசிப் பலகையும் விழுந்தது. "ஆயித்தும்மா" என்று பின்னாலிருந்து முனிரத்தினம் சொன்னார். கண்ணைத் திறந்தாள். டைனிங் ஹால் இருந்தது. வாஷ் பேசின் இருந்தது, குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. போவதற்கு அந்த வீட்டில் பழையது ஒன்றும் பாக்கி இல்லை. ஊரில் எல்லார் வீடும் நீள்வது போல அன்று அந்த வீடும் ஓர் அறையளவு நீண்டது.

முனிரத்தினம் உள்ளே வந்து, புது ரூமுக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று கேட்டார். வெள்ளையே அடிங்க என்றாள். கேஸைப் பற்ற வைத்து, வேலை ஆட்களுக்கு டீ போட்டாள்.