சொந்தக் காரணம்

செம்மொழிக்கு வாய் நீளம் என்பது பட்டுக்கோட்டைக்குத் தெற்கே அவளுடைய ஊரில் மட்டுமல்ல, அவள் வேலை பார்த்த தேங்காய் பவுடர் கம்பெனியிலும் எல்லோருக்கும் தெரியும். கேன்டீன் சாம்பாரில் புழு கிடந்தபோது தட்டோடு நேரே ஆபீசுக்குள் நுழைந்தவள் அவள்தான். கழிப்பறைக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும் என்று சூப்பர்வைசர் சட்டம் போட்டபோது, "அப்ப ஒங்களுக்கும் டோக்கன் உண்டா சார்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டு, அந்தச் சட்டத்தை இருந்த இடம் தெரியாமல் ஆக்கியவளும் அவள்தான். அப்படிப்பட்டவள் வேலை போன அன்று மட்டும் ஒரே ஒரு கேள்வியோடு வாயை மூடிக்கொண்டாள்.

அன்று ஹெச்.ஆர். நெடுமாறன் தோல் சீவும் பிரிவுப் பெண்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டான். அவன் பக்கத்து ஊர்க்காரன். அவனுடைய அம்மாவும் செம்மொழியின் அம்மாவும் ஒரே வயலில் நாற்று நட்டவர்கள். ஆனால் கம்பெனிக்குள் அவள் அவனை 'சார்' என்பாள். அவன் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். அன்றைக்கு எழுந்து நின்று, "உக்காருங்கக்கா" என்றான். டீ வரவழைத்துக் கொடுத்தான்.

"ஆர்டர் இல்லக்கா. ஒங்க செக்‌ஷனையே மூடுறாங்க. என் கையில எதுவும் இல்ல."

மேசை மேல் ஒரு தாள் இருந்தது. அவள் பன்னிரண்டாவது வரை படித்தவள். எடுத்துப் படித்தாள். சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று இருந்தது.

"எனக்கு என்ன சார் சொந்தக் காரணம்?"

"எல்லாருக்கும் அப்படித்தான் அடிக்கிறது. ஃபார்மாலிட்டி. இதுல கையெழுத்து இருந்தாத்தான் பி.எஃப். சீக்கிரம் கெடைக்கும். நான் பொய் சொல்லுவனாக்கா?"

அந்த 'அக்கா'வில்தான் விழுந்தாள். அவன் அதட்டியிருந்தால் தாளைக் கிழித்து அவன் முகத்தில் எறிந்திருப்பாள். மரியாதையாகப் பேசியவனிடம் சண்டை போட அவளுக்கு நாக்கு எழவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்தாள்.

ஒரு மாதம் கழித்துக் கமருன்னிஸா போன் செய்தாள். அதிராம்பட்டினத்திலிருந்து வந்து இவளுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து தேங்காய் சீவியவள். துபாயிலிருந்து வேலையில்லாமல் திரும்பிய புருஷனை வீட்டில் வைத்துக்கொண்டிருப்பவள். "நமக்குச் சம்பளத்துல இ.எஸ்.ஐ. இன்சூரன்ஸ்னு புடிச்சாங்கல்ல, வேல போனா அதுலேர்ந்து மூணு மாசம் பாதிச் சம்பளம் குடுக்குறாங்களாம் புள்ள. வா, தஞ்சாவூர் போயிட்டு வந்துருவோம்" என்றாள்.

போனார்கள். இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் ஸ்ரீவித்யா என்ற பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்களா வேலைய விட்டதா கம்பெனி போட்டிருக்காங்களே. வேலை போனவங்களுக்குத்தான் இது. தானா விட்டவங்களுக்குக் கிடையாதுங்க."

"நாங்க எங்கம்மா விட்டோம்?" என்றாள் செம்மொழி. "அவங்கதான செக்‌ஷன மூடுனாங்க."

"ராஜினாமாக் கடுதாசி குடுத்தீங்களா?"

கமருன்னிஸா, "கையெழுத்து வாங்குனாங்க" என்று முணுமுணுத்தாள்.

"கம்பெனிதான் காரணத்த மாத்தித் தரணும். மாட்டேன்னா லேபர் ஆபீஸ்ல மனு குடுங்க. இங்க என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க." அவள் கடுகடுப்பாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் செம்மொழிக்குத் திட்டுவதற்காவது ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரத்தநாடு தாண்டும்வரை செம்மொழி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். புது ஆற்றில் தண்ணீர் கரை முட்டிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல்கள். எதுவும் அவள் கண்ணில் படவில்லை. 'தானா விட்டவங்க', 'தானா விட்டவங்க' என்று அதுவே காதில் ஓடியது. போனை எடுத்து நெடுமாறனைக் கூப்பிட்டாள்.

"படிச்சுப் பாத்துத்தானக்கா போட்டீங்க" என்றான் அவன். "சின்னப் புள்ளையா நீங்க?"

அவள் பேசுவதற்குள் வைத்துவிட்டான். வீட்டில் புருஷன் வளவனும் அதையேதான் கேட்டான். தேங்காய் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அலுத்துப்போய் வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தான். "படிச்சுட்டா போட்ட?"

"ஆமா, படிச்சுட்டுத்தான் போட்டன். இன்னொரு தடவ யாராச்சும் அதக் கேட்டீங்கன்னா இந்தச் சோத்துச் சட்டி வெளியில போகும்."

அவன் கேட்கவில்லை. காலையில் அவனே அவளையும் கமருன்னிஸாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, கூட வேலை பார்த்த பெண்களின் வீடு வீடாக இறக்கிவிட்டான். லேபர் ஆபீசுக்கு எழுதிய மனுவில் சிலர் பேர் போட்டார்கள். சிலர், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று கதவுக்குப் பின்னால் போனார்கள். தங்கம்மாள் மட்டும் வெளியே வந்து நின்று பேசினாள். அந்தப் பிரிவிலேயே மூத்தவள், எல்லோருக்கும் அக்கா.

"காண்ட்ராக்ட்ல திரும்ப எடுக்குறாங்க செம்மொழி. நான் போன வாரமே போயிட்டன். நீயும் வாயப் பொத்திக்கிட்டு இருந்தா ஒன்னையும் எடுப்பாங்க."

"எந்த செக்‌ஷன்லக்கா?"

"நம்ம செக்‌ஷன்தான்."

"மூடுன செக்‌ஷன்லயா?"

தங்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "எனக்கு வயித்துப்பாடு இருக்கு."

"எங்களுக்கு வயிறே இல்லையா?" என்று செம்மொழி கேட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதற்கு மேலும் சில வார்த்தைகள் சொன்னாள். சொல்லக் கூடாதவைதான். சொன்னதற்காக அவள் வருத்தப்படவும் இல்லை.

தஞ்சாவூர் லேபர் ஆபீசில் சமரசப் பேச்சுக்கு நாள் குறித்தார்கள். முதல் தடவை கம்பெனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. இரண்டாவது தடவை நெடுமாறன் வந்தான். கூடவே தங்கம்மாளைக் காரில் கூட்டிவந்திருந்தான். அவளைப் பார்த்ததும் செம்மொழி பாய்ந்து எழப் பார்த்தாள். கமருன்னிஸா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் விருப்பப்பட்டுத்தான் விலகினாங்க சார்" என்றான் நெடுமாறன் அதிகாரியிடம். "இந்தம்மாவும் அதே செக்‌ஷன். நீங்களே கேட்டுப் பாருங்க."

அதிகாரி தங்கம்மாளைக் கேட்டார். அவள் தரையைப் பார்த்தபடி, "நானாத்தான் விட்டன் சார். யாரும் கட்டாயப்படுத்தல" என்றாள். பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பது போல இருந்தது.

செம்மொழி எழுந்தாள். கத்த வேண்டும் என்றுதான் எழுந்தாள். ஆனால் குரல் தாழ்வாகத்தான் வந்தது.

"நான் ஒண்ணு கேக்கலாமா சார்?"

அவர் தலையசைத்தார்.

"தங்கம்மாக்கா, இப்ப எங்க வேல பாக்குற?"

"கம்பெனியிலதான்."

"என்ன வேல?"

"தோல் சீவுறது."

"எங்க உக்காந்து?"

தங்கம்மாள் நெடுமாறனைப் பார்த்தாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதே எடந்தான்" என்றாள். "அதே ஸ்டூலு. கத்தியும் என் பழைய கத்திதான்."

"கூலி?"

"முன்ன வாங்குனதுல பாதிக்குக் கொஞ்சம் மேல. இ.எஸ்.ஐ. கெடையாது, பி.எஃப். கெடையாது."

"அப்ப நீ எந்தச் சொந்தக் காரணத்துக்காகக்கா வேலைய விட்ட?"

தங்கம்மாளுக்கு வாய் கோணிக்கொண்டு வந்தது, அழாமல் அடக்கிக்கொண்டாள். அதிகாரி நெடுமாறன் பக்கம் திரும்பினார்.

"மூடின செக்‌ஷன்ல காண்ட்ராக்ட் ஆள் வேலை பாக்குறாங்களா?"

"அது... வேற ஏற்பாடு சார். மேனேஜ்மென்ட்டக் கேட்டுச் சொல்றேன்."

"கேட்டு எழுத்துல குடுங்க. பேசி முடிக்கிறீங்களா, இல்ல நான் ஆய்வுக்கு எழுதட்டுமான்னும் கேட்டுக்கிட்டு வாங்க."

வெளியே வராந்தாவில் நெடுமாறன் இருவரையும் ஓரமாகக் கூப்பிட்டான். சட்டைக் காலர் வேர்வையில் நனைந்திருந்தது.

"ஒங்க ரெண்டு பேருக்கு மட்டும் காரணத்த மாத்திப் போட்டுர்றோம். இ.எஸ்.ஐ. பணம் வந்துரும். மனுவ வாபஸ் வாங்கிருங்கக்கா."

கமருன்னிஸா செம்மொழியைப் பார்த்தாள். அந்தப் பார்வை செம்மொழிக்குப் புரிந்தது. வீட்டில் படுத்திருக்கிற புருஷன், பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வேண்டிய பணம், எல்லாம் அதில் இருந்தது. ஆனால் கமருன்னிஸாவேதான் சொன்னாள்: "எல்லாருக்கும் மாத்துங்க சார். எங்களுக்கு மட்டும்னா மத்தவங்க மூஞ்சியில நாங்க எப்படி முழிக்கிறது?"

"மேனேஜ்மென்ட் ஒத்துக்காது."

"ஒத்துக்கலன்னா கேஸ் நடக்கட்டும் தம்பி" என்றாள் செம்மொழி. தம்பி என்றதும் அவன் நிமிர்ந்து பார்த்தான். "இனிமே ஒன்ன சார்னு கூப்புட மாட்டன். ஒன் அம்மா எங்கம்மாவோட சேத்துல நின்னவங்க. அவங்க வயசுல ஒரு பொம்பளையக் கார்ல ஏத்திட்டு வந்து பொய் சொல்ல வச்சிருக்க. போ, போயி ஒன் மொதலாளியக் கேளு."

அவன் காரை நோக்கிப் போனான். கார் கிளம்பியபோது அதில் தங்கம்மாள் இல்லை. அவளை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். அவள் பஸ் ஸ்டாண்டை நோக்கித் தனியாக நடந்தாள். செம்மொழி கூப்பிடவில்லை.

அடுத்த பேச்சில் கம்பெனி இறங்கி வந்தது. மனுவில் பேர் போட்டவர்களுக்கு மட்டும், ஆட்குறைப்பு என்று காரணத்தை மாற்றிக் கொடுக்க ஒத்துக்கொண்டது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. நஷ்டஈட்டு வழக்கு தனியாக நடக்கிறது. அது எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. இ.எஸ்.ஐ. பணம் பேங்கில் ஏறியதாகச் செய்தி வந்தபோது, "சந்தோசந்தானே?" என்று வளவன் கேட்டான்.

"என்ன சந்தோசம்? என் பணத்த நான் வாங்க இத்தன பேரு வாசல்ல நின்னுருக்கன்."

அதற்கடுத்த திங்கட்கிழமை தங்கம்மாள் வீடு தேடி வந்தாள். லேபர் ஆபீசில் அவள் பேசியதற்கு மறுநாளே காண்ட்ராக்ட் ஏஜென்ட் அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். மனுவில் அவள் பேர் இல்லை. போதாததற்குத் தானாகத்தான் விட்டேன் என்று அதிகாரி முன்னால் சொல்லியும் வைத்திருக்கிறாள்.

"எனக்கு ஏதாச்சும் வழி இருக்கா செம்மொழி?"

செம்மொழி உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். "ஒன் மேல எனக்கு இன்னும் ஆத்திரம் தீரலக்கா. தீருமான்னும் தெரியல."

"திட்டு. திட்டிக்க."

"திட்டுனா ஒனக்குப் பணம் வந்துருமா? ஆதார் கார்ட எடுத்துக்கிட்டியா?"

தங்கம்மாள் பையைத் தட்டிக் காட்டினாள்.

"லேபர் ஆபீசுக்குப் போயி, அன்னைக்கு ஒன்னக் கார்ல என்ன சொல்லிக் கூட்டியாந்தாங்கன்னு அப்படியே சொல்லணும். தரையப் பாத்துக்கிட்டுச் சொன்னா நான் எந்திரிச்சு வந்துருவன்."

சோறு வடித்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இடம் இருந்தும் செம்மொழி முன் சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்ததும், பின்னால் திரும்பிப் பார்க்காமலே, "ரெண்டு தஞ்சாவூர்" என்றாள்.